கண்ணளவைக் கிராமாக்குதல்: பல நாட்டு வீட்டுச் சமையலையும் பானங்களையும் திரட்ட முழுமையான வழிகாட்டி

"உப்பு, தேவையான அளவு." இப்படி எழுதிய குறிப்பு அதை எழுதியவருக்கு மட்டும்தான் பயன்படும். பாட்டியின் மீன்குழம்பானாலும் மெக்சிகோ நண்பர் வீட்டுத் தமாலே ஆனாலும் சிக்கல் ஒன்றுதான். சமைக்கிறவர் கை செய்வதில் பாதியை வாய் சொல்லாது. அந்தப் பாதியைப் பிடித்துத் தாளில் இறக்குவதே திரட்டும் வேலை. பொருள் பட்டியலை யாரும் எழுதிவிடலாம்.

முதலில் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். "உலகச் சமையல் எல்லாம்" என்று தொடங்கிய நோட்டு பத்தாம் பக்கத்தில் நின்றுபோகும். ஒரு வீடு, அல்லது ஒரு ஊர், அல்லது ஒரே ஒரு நுட்பம் (புளிக்கவைப்பது மட்டும், தேங்காய்ப்பால் மட்டும்) என்று எடுத்துக்கொண்டு, அதில் பத்துக் குறிப்புகளை முழுசாக முடியுங்கள். முடிப்பது என்றால், உங்கள் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேறொருவர் சமைத்து அது சரியாக வந்திருக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு ஒன்று. 0.1 கிராம் துல்லியத்தில் 500 கிராம் வரை நிறுக்கும் சின்னத் தராசு இன்னொன்று. ஈஸ்ட், மஞ்சள், வெந்தயம், பெருங்காயம் எல்லாம் இதில்தான். பெரிய தராசில் 2 கிராம் வெந்தயத்தை நிறுத்தால் 1 என்றும் காட்டும், 3 என்றும் காட்டும். இவற்றோடு குத்தி அளக்கும் வெப்பமானி, ஸ்கேல், 2 லிட்டர் அளவுக் குவளை, போன். போனில் ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் புகைபோக்கி விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். மிக்சி ஓடும்போது சொன்ன சொல் எதுவும் பதிவில் தேறாது.

அளவைகள்: பாதித் தவறு இங்கேதான்

"ஒரு கப்" என்பது ஒரே அளவு அல்ல. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மி.லி. ஆஸ்திரேலியாவில் 250 மி.லி. ஜப்பானியச் சமையல் புத்தகத்தில் 200 மி.லி. ஆனால் அதே ஜப்பானில் அரிசிக்கு மட்டும் "கோ" என்ற 180 மி.லி. அளவு, ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் இதுதான், சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். குக்கர் பாத்திரத்தின் உள்ளே உள்ள கோடுகள் அந்தக் கப்புக்குப் போட்டவை. அதைத் தொலைத்துவிட்டு வேறு கப்பில் அரிசி அளந்து, தண்ணீரைக் கோடு வரை ஊற்றினால் சோறு குழையும், அல்லது நறுக்கரிசியாக நிற்கும்.

மேசைக்கரண்டி பெரும்பாலான இடங்களில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20. பைன்ட் பிரிட்டனில் 568 மி.லி., அமெரிக்காவில் 473. அமெரிக்கக் குறிப்பில் "ஒரு ஸ்டிக் வெண்ணெய்" என்றால் 113 கிராம்.

மாவு இன்னும் மோசம். ஒரே அமெரிக்கக் கப்பில் கரண்டியால் அள்ளிப் போட்டு வழித்தால் 120 கிராம் மைதா. கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளினால் 140, 150 வரை போகும். நாலு கப் மாவு கேட்கும் ரொட்டியில் நூறு கிராம் கூடிவிட்டால் பிசைந்தது கல்லாகும். பிறகு "இந்தக் குறிப்பு சரியில்லை" என்று பழி குறிப்பின் மேல் விழும்.

உப்பில் இதே விளையாட்டு. ஒரு தேக்கரண்டி தூளுப்பு சுமார் 6 கிராம். அமெரிக்கர்கள் சொல்லும் கோஷர் என்ற பரலான உப்பில் டைமண்ட் கிரிஸ்டல் வகை ஒரு தேக்கரண்டிக்கு 3 கிராம் அளவே நிற்கும், மார்ட்டன் வகை 5-ஐ ஒட்டி வரும். நம் கல்லுப்பு கல்லின் பருமனுக்கேற்ப மாறும். அதனால் உப்பைக் கரண்டியில் எழுதவே வேண்டாம். கிராமில் எழுதுங்கள், பக்கத்தில் மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்றும் போடுங்கள். குழம்பு, சூப்பு வகைகள் பெரும்பாலும் 0.8 முதல் 1 சதவீதத்துக்குள் வரும். முட்டைக்கோஸைப் புளிக்கவைக்கும் ஜெர்மானியச் சாவர்க்ராட் 2 முதல் 2.5. பாஸ்தா வேகும் தண்ணீருக்கு லிட்டருக்குப் 10 கிராம். இந்த எண்கள் பழகிவிட்டால், கேட்டுவந்த குறிப்பில் உப்புக்கணக்கு பிசகியிருப்பது சமைக்கும் முன்பே கண்ணில் படும்.

நம் பழைய நோட்டுகளில் ஆழாக்கு, உழக்கு, படி வரும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக, எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் படி எத்தனை மில்லி என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. பட்டணம் படியும் மற்ற ஊர்ப் படியும் ஒன்றல்ல. 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்த பிறகும் வீடுகளில் பழைய படியே புழங்கியது. எனவே புத்தகத்தில் உள்ள மாற்றுப் பட்டியலை நம்பாமல், அந்த வீட்டில் புழங்கிய படியையே கேட்டு வாங்குங்கள். தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராமே அதன் மில்லி. டம்ளர், கரண்டி, இலங்கை வீடுகளின் சுண்டு, பால்பேணி எல்லாவற்றுக்கும் இதே வழிதான். ஒரு நிமிட வேலை, பல வருஷக் குழப்பம் தீரும்.

"நெல்லிக்காய் அளவு புளி" சுமாராக 10 முதல் 12 கிராம், "எலுமிச்சை அளவு" 25 முதல் 30. இவை தொடங்குவதற்கான எண்கள் மட்டுமே. புதுப் புளியும் பழம்புளியும் ஒரே புளிப்பு அல்ல. எந்தப் புளி என்பதையும் குறிக்க வேண்டும்.

விசிலும் ஓர் அளவை அல்ல. குக்கரின் கொள்ளளவு, தண்ணீர், தீ மூன்றையும் பொறுத்து விசில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகவும் வரும், ஆறு நிமிடத்துக்கு ஒன்றாகவும் வரும். "முதல் விசில் வந்ததும் சிறுதீயில் 10 நிமிடம், ஆவி தானே அடங்கட்டும்" என்று நேரமாக எழுதினால் எந்த நாட்டுக் குக்கரிலும் செய்யலாம்.

ஓவன் வெப்பத்துக்கு நினைவில் வைக்க ஒரு வரி போதும்: 350 ஃபாரன்ஹீட், 180 செல்சியஸ், பிரிட்டிஷ் கேஸ் மார்க் 4 மூன்றும் நடைமுறையில் ஒன்று. விசிறி ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி செல்சியஸ் குறையுங்கள்.

அடுப்படியில் உட்கார்ந்து எடுப்பது

தொலைபேசியில் கேட்டு எழுதியது முதல் வரைவு மட்டுமே. நேரில் பார்த்தால்தான் குறிப்பு.

சமைக்கிறவரைக் கரண்டி வைத்து அளக்கச் சொல்லாதீர்கள். பழகிய கை கரண்டியைப் பிடித்ததும் தடுமாறும், அன்றைய குழம்பே வேறாகிவிடும். அவர் எப்போதும்போல் அள்ளிப் போடட்டும். நீங்கள் பாத்திரங்களை நிறுத்துக்கொள்ளுங்கள்:

1. சமையல் தொடங்கும் முன் உப்பு ஜாடி, எண்ணெய்க் கிண்ணம், மசாலா டப்பா ஒவ்வொன்றையும் உள்ளே இருப்பதோடு நிறுத்து எழுதுங்கள்.
2. வெறும் சட்டியை நிறுங்கள். அதன் வாய் விட்டம், உயரம், உலோகமா மண்ணா என்பதையும் குறியுங்கள்.
3. தண்ணீரை முழுக்க அளவுக் குவளையில் நிரப்பி, அதிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். கடைசியில் மிச்சத்தைக் கழித்தால் போதும்.
4. அவர் ஒன்றை அள்ளிப் போட்ட ஒவ்வொரு முறையும் டப்பாவை மீண்டும் நிறுங்கள். குறைந்ததுதான் அளவு. உப்பை மூன்று தடவை போட்டார் என்றால் மூன்று எண், மூன்று நேரம். முதல் உப்பு வெங்காயம் வதங்க, கடைசி உப்பு ருசிக்கு. இரண்டின் வேலையும் வேறு.
5. நேரத்தை ஓட்டத்தில் குறியுங்கள்: 0-இல் எண்ணெய், 2-இல் கடுகு, 3-இல் வெங்காயம், 14-இல் தக்காளி.
6. இறக்கியதும் சட்டியோடு நிறுத்து, வெறும் சட்டி எடையைக் கழியுங்கள். எவ்வளவு வற்றியது என்பதைச் சொல்லும் எண் இது ஒன்றுதான். இதை யாரும் எழுதுவதில்லை. பிறகு "அவங்க செஞ்சா கெட்டியா வருது, எனக்கு மட்டும் தண்ணியா இருக்கு" என்று புலம்புவார்கள்.

வெங்காயத்தைத் தோலுரித்த பிறகு நிறுங்கள். "2 பெரிய வெங்காயம்" என்பது 150 கிராமாகவும் இருக்கும், 400 ஆகவும் இருக்கும். நறுக்கிய துண்டைத் தராசுக்குப் பக்கத்தில் ஸ்கேலோடு வைத்து ஒரு படம் எடுத்துவிட்டால் "பொடியாக", "சன்னமாக" போன்ற சொற்களுக்குச் சண்டை வேண்டாம்.

எப்படிக் கேட்பது

"எவ்வளவு போடணும் அத்தை?" என்று கேட்டால் "பார்த்துப் போட வேண்டியதுதான்" என்றுதான் பதில் வரும். அதில் தப்பில்லை, அவர் உண்மையில் பார்த்துத்தான் போடுகிறார். எதைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். "போதும்னு எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறீங்க?" இந்த ஒரு கேள்விக்குப் பொன் கொடுக்கலாம். எண்ணெய் ஓரத்தில் பிரிவது, பச்சை வாசனை போவது, கொதியின் ஓசை மாறுவது, கரண்டியிலிருந்து விழும் விதம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

அடுத்து, "எப்போ கெட்டுப்போயிருக்கு, எப்படிச் சரி பண்ணினீங்க?" நன்றாகச் சமைக்கிறவர்கள் எல்லாரும் கெடுத்தும் பார்த்தவர்கள். பிறகு, "இது கிடைக்காட்டி என்ன போடுவீங்க?" இதற்கு வரும் பதிலில் அந்தப் பொருள் என்ன வேலைக்காக இருக்கிறது என்பது புரியும்: புளிப்புக்கா, கெட்டிக்கா, மணத்துக்கா. கடைசியாக, "உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவங்க இதை வேற மாதிரி செஞ்சாங்களா?" வீட்டுக் குறிப்பு எப்போது மாறியது என்பது இதில் தெரியும். கேஸ் அடுப்பு, மிக்சி, குக்கர் வந்தபோது நேரமும் தண்ணீரும் எல்லா வீட்டிலும் மாறின.

பதம் பற்றிய சொற்களை அப்படியே அவர்கள் மொழியில் எழுதி, பக்கத்தில் எண்ணைச் சேருங்கள். சர்க்கரைப் பாகு ஒற்றைக் கம்பியில் நிற்பது சுமார் 105 டிகிரி செல்சியஸ். தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வருவது 112 முதல் 116. தட்டில் போட்டால் நொறுங்குவது 150-ஐ ஒட்டி. ஆனால் வெல்லப்பாகுக்கு வெப்பமானியை மட்டும் நம்ப முடியாது. வெல்லத்தில் சர்க்கரை தவிர வேறு பொருள்களும் ஈரமும் ஊருக்கு ஊர் வேறு. அதிரசத்துக்குக் கிண்ணத்துத் தண்ணீரில் சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பதே சரி. பாகு இளகலாக இருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றினால் கடிக்க முடியாது.

சொல்லாமல் விடுபடும் படி

செய்முறையில் ஒரு படி விடுபட்டால் ருசி மட்டும் கெடும் என்று நினைக்க வேண்டாம். மக்காச்சோளத்தின் கதை அதைக் காட்டும். மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் சோளத்தை நீற்றிய சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவைத்து, தோலைக் கசக்கிக் கழுவித்தான் அரைப்பார்கள். நஹுவாட்டல் மொழியில் அந்தச் சோளத்துக்குப் பெயர் நிக்ஸ்தமல். சோளத்தில் கட்டுண்டிருக்கும் நயாசின் சத்தைச் சுண்ணாம்புதான் விடுவிக்கிறது. சோளம் கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போனபோது தானியம் போனது, சுண்ணாம்புப் படி போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு, நயாசின் குறைவால் வரும் பெல்லக்ரா நோய் வந்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் 1735-இல் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் இதை விவரித்தார். வட இத்தாலியிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இது பரவியிருந்தது.

செய்து பார்க்க: உலர்ந்த மக்காச்சோளம் 1 கிலோ, உணவுத் தரச் சுண்ணாம்பு 10 கிராம், தண்ணீர் 3 லிட்டர். சிறுகொதியில் 40 முதல் 60 நிமிடம். தோல் விரலில் வழுக்கி வர வேண்டும், உள்ளே இன்னும் கடிபட வேண்டும். 8 முதல் 12 மணி நேரம் மூடி வைத்து, மூன்று நாலு தண்ணீர் விட்டுக் கழுவி அரைக்கலாம். அலுமினியப் பாத்திரம் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். பாப்கார்ன் சோளமும் சரிவராது. கடையில் வாங்கிய வெறும் மக்காச்சோள மாவில் தோர்த்தியா என்ற மெக்சிகோ ரொட்டியைத் தட்டினால் விண்டுபோகும். மாவை ஒட்டவைப்பதும் அந்தச் சுண்ணாம்புப் படிதான்.

ஜப்பானிய தாஷியும் இப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கொம்பு என்ற உலர்ந்த கடற்பாசி 10 கிராம், கட்சுவோபுஷி எனும் சீவிய மீன் கருவாடு 20 முதல் 30 கிராம். கொம்புவை அரை மணி ஊறவைத்து மெல்லச் சூடேற்றி, கொதி வரும் முன் எடுத்துவிட வேண்டும். பிறகு கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, சீவலைப் போட்டு இரண்டு நிமிடத்தில் வடிகட்டலாம், பிழியாமல். "கொதிக்கும் முன் எடு" என்பதை ஜப்பானிய வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அது தெரிந்த சங்கதி. நாமோ ரசம் கொதிப்பதுபோல் கொதிக்கவிட்டுக் கொழகொழப்பையும் கசப்பையும் வாங்கிக்கொள்வோம். எனவே எந்தக் குறிப்பிலும் "எப்போது எடுப்பது, எதைச் செய்யக்கூடாது" என்று தனியே கேட்டு எழுதுங்கள்.

பெயர்கள் ஏமாற்றும்

யாழ்ப்பாணக் குறிப்பில் "மூன்று மேசைக்கரண்டி தூள்" அல்லது "மிளகாய்த்தூள்" என்றிருந்தால் அது பெரும்பாலும் மல்லி, பெருஞ்சீரகம், மிளகு சேர்த்து வறுத்து இடித்த கறித்தூள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு வெறும் மிளகாய். மூன்று கரண்டி போட்டுவிட்டு யாரையும் திட்ட வேண்டாம். அங்கே பெருஞ்சீரகம் என்பது இங்கே சோம்பு. தேசிக்காய் என்பது எலுமிச்சை.

கார்ன்ஃப்ளவர் என்றால் இந்தியாவிலும் பிரிட்டனிலும் வெள்ளை ஸ்டார்ச், அமெரிக்காவில் அரைத்த மக்காச்சோள மாவு. பிரிட்டனின் டபுள் கிரீமில் கொழுப்பு சுமார் 48 சதவீதம். நம் கடைகளில் டப்பாவில் வரும் கிரீம் 25 சதவீதத்தை ஒட்டியது, எத்தனை நேரம் அடித்தாலும் நுரைத்து நிற்காது. ஹைபிஸ்கஸ் பானம் என்றதும் செம்பருத்திப் பூவைப் பறிப்பவர்கள் உண்டு. அது ரோசெல், ஆந்திரர்கள் கோங்குரா என்னும் அதே இனம். வேண்டியது காயைச் சுற்றி நிற்கும் சிவந்த சதைப்பற்றான புல்லி இதழ்.

பண்டத்தின் பெயரை அது பிறந்த மொழியின் ஒலிப்பிலேயே முதலில் எழுதி, அடுத்து அந்த வீட்டார் சொல்லும் பெயரை எழுதுங்கள். பெயரே சில சமயம் வழித்தடம் காட்டும். சென்னை பர்மா பஜார் பக்கம் விற்கும் அத்தோ, கலவை என்று பொருள்படும் பர்மியச் சொல்லிலிருந்து வந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. செட்டிநாட்டுக் கவுனி அரிசிக்கும் பர்மா வழிதான். அத்தோவை நூடுல்ஸ் என்ற தலைப்பில் மட்டும் போட்டு வைத்தால் பிறகு தேடினாலும் கிடைக்காது.

எழுதும் முறை

பொருள்களைப் போடும் வரிசையிலேயே பட்டியலிடுங்கள். ஒரு பொருள் இரண்டு தடவை போகிறது என்றால் இரண்டு வரி. ஒவ்வொரு படியிலும் நேரமும் அடையாளமும் சேர்ந்தே இருக்கட்டும்: "6 நிமிடம், வெங்காயம் கண்ணாடி போலாகும்வரை." நேரம் மட்டும் இருந்தால் வேறு அடுப்பில் தவறும், அடையாளம் மட்டும் இருந்தால் புதியவர் தவிப்பார். முடித்த அட்டை ஒன்று இப்படி இருக்கும்:

சொதி, யாழ்ப்பாண முறை. நாலு பேருக்கு. 18 செ.மீ. வாயுள்ள சட்டி. இறுதி எடை சுமார் 550 கிராம்.

- தேங்காய்ப் பால், இரண்டாம் பால்: 350 மி.லி.
- சின்ன வெங்காயம், உரித்து நீளவாக்கில் அரிந்தது: 60 கிராம்
- பச்சை மிளகாய், கீறியது: 12 கிராம் (3)
- வெந்தயம்: 2 கிராம்
- மஞ்சள்தூள்: 1 கிராம்
- கறிவேப்பிலை: ஒரு நெட்டு (கொத்து)
- உப்பு: 5 கிராம்
- முதற்பால்: 150 மி.லி.
- தேசிக்காய்ச் சாறு: 15 மி.லி.

இரண்டாம் பாலில் வெங்காயம், மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்து நடுத்தீயில் 10 நிமிடம். வெங்காயம் நசுங்க வேண்டும். தீயைக் குறைத்து முதற்பாலை ஊற்றி, கிளறிக்கொண்டே ஓரத்தில் நுரை கூடும்வரை, சுமார் 3 நிமிடம். இறக்கி 2 நிமிடம் ஆறவிட்டுச் சாறு விடவும்.

என்ன கெடும்: முதற்பால் விட்டபின் தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரிந்து திரியும். அடுப்பில் இருக்கும்போதே சாறு விட்டாலும் திரியும். வெந்தயம் 3 கிராம் தாண்டினால் கசப்பு முந்தும். டப்பாப் பாலில் கெட்டியாக்கும் பொருள் சேர்த்திருப்பதால் எளிதில் திரியாது, மணம் குறைவு.

இந்த "என்ன கெடும்" பகுதிதான் அட்டையின் உயிர். அது காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் போதிய தடவை சமைக்கவில்லை என்று பொருள். அட்டையின் பின்பக்கம் யாரிடம் எடுத்தது, எந்த ஊர், எந்த மாதம், வெளியிட அவர் சம்மதித்தாரா என்பதும் வேண்டும். அச்சிட்ட புத்தகத்திலிருந்து எடுத்தால் விளக்கத்தை வரிக்கு வரி பெயர்த்து எழுதாதீர்கள். சமைத்துப் பார்த்து உங்கள் சொல்லில் எழுதி, மூலத்தைக் குறியுங்கள்.

பானங்கள்

பானத்தில் பொருள் குறைவு, அதனால் பிழை மறைய இடமில்லை. நாலு எண்கள் தவறாமல் வேண்டும்: தூளும் தண்ணீரும் என்ன விகிதம், தண்ணீரின் வெப்பம், ஊறும் நேரம், பரிமாறும்போது சர்க்கரை எத்தனை சதவீதம்.

வியட்நாமியக் காபி நம் ஃபில்டர் காபிக்குச் சித்தப்பா மகன் மாதிரி. ஃபின் என்ற சிறு வடிகட்டியில் 20 கிராம் தூள். முதலில் 20 மி.லி. வெந்நீர் விட்டு அரை நிமிடம் நனையவிட்டு, பிறகு கொதி அடங்கிய தண்ணீர் 100 மி.லி.; 4 முதல் 5 நிமிடத்தில் இறங்க வேண்டும். கீழே கண்ணாடிக் குவளையில் 25 கிராம் கட்டிப்பால் (கண்டென்ஸ்டு மில்க்). இரண்டு நிமிடத்தில் இறங்கினால் தூள் கரடு, எட்டு நிமிடம் ஆனால் நைசு அல்லது தட்டை இறுக்கிவிட்டீர்கள். நம் ஃபில்டருக்கும் நோய் அதே, மருந்தும் அதே. ஆனால் நம்முடையது 15, 20 நிமிடம் எடுப்பது இயல்பு, சிக்கரி தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

மெக்சிகோவின் ஆகுவா தெ ஹமைக்கா: உலர்ந்த ரோசெல் 40 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, 20 நிமிடம் ஊறவிட்டு வடிகட்டி, சூட்டிலேயே 120 கிராம் சர்க்கரை கரைத்து, இன்னொரு லிட்டர் குளிர்ந்த நீர் சேர்க்கலாம். அலுமினியமும் இரும்பும் வேண்டாம். கூடக் கொதித்தால் துவர்க்கும்.

வட இந்தியக் கருங்கேரட் காஞ்சிக்கு 2 லிட்டர் ஆறிய வெந்நீர், கேரட் 300 கிராம், கடுகுத் தூள் 20 கிராம், உப்பு 30 கிராம், மிளகாய்த்தூள் 4 கிராம். பீங்கான் ஜாடியில் துணி கட்டி வெயிலில் 3 முதல் 5 நாள், தினமும் ஒருமுறை மரக்கரண்டியால் கிளறி. புளித்ததும் குளிர்ப்பெட்டிக்குப் போக வேண்டும். மேலே வெள்ளையாய் மெல்லிய ஏடு வந்தால் எடுத்துப் போடலாம். பச்சை, கறுப்பு நிறத்தில் பஞ்சுபோல் பூசணம் வந்தால் முழுதும் குப்பைக்கு. இஞ்சி, பழச்சாறு புளிக்கும் பானங்களை மூடிய கண்ணாடிப் பாட்டிலில் அறை வெப்பத்தில் விடாதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் கூடவே நிரப்பி வைத்தால் அது கல்லாக இறுகியதும் எல்லாவற்றையும் குளிரில் வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

புளிக்கும் எதற்கும் அறையின் வெப்பத்தை எழுதாமல் மணியை எழுதுவது வீண். சென்னையில் 30 டிகிரியில் 8 மணியில் பொங்கும் இட்லி மாவு, 20 டிகிரி அறையில் அதைப்போல் இருமடங்கு நேரம் கேட்கும்.

மூன்று முறை சமைக்க

முதல் முறை அவரோடு. இரண்டாவது நீங்கள் தனியே, எழுதியதை மட்டும் பார்த்து. "இது கொஞ்சம் அதிகம்" என்று தோன்றினாலும் மாற்றாமல். மூன்றாவது, அந்தப் பண்டத்தை ருசித்தே பார்க்காத ஒருவர். நீங்கள் அடுப்படியில் நில்லுங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் எந்த இடத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது.

சரிவராவிட்டால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தண்ணீரையும் தீயையும் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. பழைய எண்ணை அழிக்காமல் கோடு போட்டு, தேதியோடு புதியதை எழுதுங்கள்.

இருமடங்காக்கும்போது உப்பு, புளி, தேங்காய் இருமடங்காகும். தண்ணீர் ஆகாது. வற்றுவது சட்டியின் வாயைப் பொறுத்தது, கொள்ளளவை அல்ல. அதே வாயுள்ள சட்டியில் இரண்டு மடங்கு பாயசம் வைத்தால் அதே நேரத்தில் வற்றும் தண்ணீர் ஏறக்குறைய அதே அளவுதான், ஆகவே அந்தக் கணக்கைக் குறைத்து ஊற்றுங்கள். மிளகாய், கிராம்பு, பட்டை ஒன்றரை மடங்கில் தொடங்கிச் சுவைத்துக் கூட்டலாம்.

உயரமும் கணக்கில் வரும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். மெக்சிகோ நகரமும் ஊட்டியும் சுமார் 2,240 மீட்டரில் உள்ளன. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கு எடுத்த பீன்ஸ் குறிப்பின் நேரம் கடற்கரை ஊருக்கு நீளம், இங்குள்ளது அங்கே போதாது.

ருசியைவிட முக்கியமான சில வரிகள்

ராஜ்மா சேரும் குறிப்பில் ஊறிய நீரைக் கொட்டி, புது நீரில் முதலில் குறைந்தது 10 நிமிடம், 30 ஆனால் இன்னும் நல்லது, நன்றாகக் கொதிக்க வேண்டும் என்று கட்டாயம் எழுதுங்கள். நேராக ஸ்லோ குக்கரில் போட்டால் கொதிநிலை எட்டாமல் அதன் நச்சு அப்படியே நிற்கும். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைக்கும் குறிப்புகளுக்கு "குளிர்ப்பெட்டியில், நாலு நாளுக்குள்" என்ற வரி வேண்டும். போட்டுலிசம் என்னும் கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமிக்கு அறை வெப்பத்தில் அது வசதியான வீடு. பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைப்பவற்றில் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், கூடினால் புளிப்பு குறைவு) 4.6-க்கு மேல் போகும் காய்கறி, பருப்பு, இறைச்சி எதையும் வெறும் கொதிநீரில் பதப்படுத்தக் கூடாது. பாட்டி காலத்திலிருந்து செய்கிறோம் என்பது இங்கே பதில் ஆகாது.

பாதுகாத்து வைத்தல்

அடுப்படியில் ஒரு அச்சுப் பிரதி, எண்ணெயும் மஞ்சளும் படட்டும் என்று. மூலம் வேறு அறையில். கணினியில் யூனிக்கோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகளாக நிற்கும். அப்படி ஏதாவது வீட்டில் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். கோப்பின் பெயரில் பண்டம், ஊர், ஆண்டு, எத்தனையாவது திருத்தம் என்று போடுங்கள்: "சொதி-யாழ்ப்பாணம்-2024-3". மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு வீட்டில்.

அகரவரிசை மட்டும் போதாது. முக்கியப் பொருள், நுட்பம், ஆகும் நேரம் என்று மூன்று குறிச்சொற்களை ஒவ்வொரு அட்டைக்கும் ஒட்டினால், அரை மூடித் தேங்காய் மிச்சமிருக்கும் இரவில் சொதியும் தாய்லாந்தின் தேங்காய்ப்பால் சூப்பான தொம் காவும் ஒரே தேடலில் வந்து நிற்கும். ஒலிப்பதிவுகளை அழிக்காதீர்கள். மூன்றாவது முறை சமைக்கும்போது "இந்தச் சத்தம் வரணும்" என்று அத்தை சொன்னது எந்தச் சத்தம் என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.